கருப்பை நார்க்கட்டிகளும் மகப்பேறும்

திருமணமாகி மூன்று, நான்கு ஆண்டுகள் கடந்தும் மகப்பேறு வாய்க்காத பெண்ணொருத்தி மருத்துவமனைக்குச் சென்று ஸ்கேன் எடுத்துக்கொள்கிறாள் எனக் கொள்க. அறிக்கையில் 'கருப்பையில் நார்க்கட்டி' என்று எழுதப்பட்டிருக்கிறது. கட்டி என்னும் சொல்லே அச்சம் விளைவிப்பது. அக்கணம் முதல் அவ்வீட்டில் இரண்டு முடிவுகள் வேரூன்றிவிடுகின்றன. குழந்தை பிறவாமைக்கு இதுவே காரணம் என்பது ஒன்று. இதனை உடனே அகற்றிவிட வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சில பெண்கள் திறத்தில் சரியானவை. பலர் திறத்தில் தவறானவை. எவர்க்குச் சரி, எவர்க்குத் தவறு என்று பிரித்தறியும் அறிவு கடந்த நூற்றெழுபது ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் திரண்டு வந்துள்ளது. அவ்வறிவு உரிய காலத்தில் கிட்டாமையால் தேவையற்ற அறுவைக்கு உட்பட்ட பெண்களும், தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக் காலத்தை இழந்த பெண்களும் நம் நாட்டில் பலர்.

கட்டியின் இயல்பு

கருப்பை என்பது தலைகீழாக வைத்த பேரிக்காயின் வடிவமுடைய தசைப் பையாகும். பிள்ளை பெறாத பெண்ணிடம் இதன் நீளம் ஏறத்தாழ 7.5 சென்டிமீட்டர், அகலம் 5 சென்டிமீட்டர், கனம் 2.5 சென்டிமீட்டர். இதன் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. புறத்தே மெல்லிய உறை. நடுவே தடித்த தசை. அகத்தே மென்மையான உள்வரிச் சவ்வு. மாதந்தோறும் தடித்துப் பின் உதிர்வது இவ்வுள்வரிச் சவ்வே. கருவுற்ற முட்டை ஏறத்தாழ ஆறாம் அல்லது ஏழாம் நாளில் வந்து பதிவதும் இதன்மீதே.

நார்க்கட்டி பிறப்பது நடு அடுக்காகிய தசையில். ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் பிர்ஹோ 1854-ஆம் ஆண்டிலேயே இக்கட்டிகள் கருப்பைத் தசையிலிருந்து தோன்றுவன என்று காட்டினார். தசை உயிரணு ஒன்று நெறி பிறழ்ந்து தன்னைத்தானே பெருக்கிக்கொள்வதால் ஒரு கட்டி உண்டாகிறது. அவ்வுயிரணுக்கள் தம்மைச் சுற்றிலும் நார்ப்பொருளை மிகுதியாகச் சுரந்து படியவைக்கின்றன. கட்டி கெட்டியாயிருப்பதற்கு இந்நார்ப்பொருளே காரணம். அகற்றிய கட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெண்ணிற நூலைச் சுற்றிச் சுற்றி வைத்த கண்டு போன்ற தோற்றம் தெரியும். 2011-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரத்து ஆய்வாளர்கள், தாங்கள் ஆராய்ந்த கட்டிகளுள் 100-க்கு ஏறத்தாழ 70-இல் 'மெட்-12' என்னும் ஒரே மரபணு மாறுபட்டிருப்பதைக் கண்டனர்.

இக்கட்டிகள் புற்றுநோய் அல்ல. கருப்பைத் தசையில் தோன்றும் புற்றுநோய் தனி வகையைச் சேர்ந்தது, மிக அரியது, பெரும்பாலும் முதிர்ந்த வயதில் காணப்படுவது. எனினும் கட்டியின் தோற்றம் ஸ்கேனில் ஐயத்திற்கிடமாக இருந்தாலும், மாதவிடாய் நின்ற பின்னரும் கட்டி வளர்ந்தாலும் மருத்துவர் அதனைத் தனியே ஆராய்வர்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் இரு ஹார்மோன்களே நார்க்கட்டிக்கு உணவு எனலாம். பூப்பெய்துமுன் இக்கட்டி காணப்படுவதில்லை. மாதவிடாய் நின்ற பின் பெரும்பாலும் சுருங்கிவிடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளிலும் எல்லாக் கட்டிகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. 2008-இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு, ஒரே பெண்ணின் கருப்பையில் ஒரு கட்டி வளர்ந்துகொண்டிருக்கையில் அதன் அயலிலுள்ள மற்றொன்று சுருங்கக்கூடும் என்று காட்டியது. ஆகவே, 'கட்டி இருக்கிறது. நாளை பெரிதாகிவிடும்' என்று அச்சுறுத்தி அறுவைக்கு விரைவுபடுத்துவதற்கு அறிவியல் இடந்தருவதில்லை.

இக்கட்டி அரிய நோயுமன்று. 2003-இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வின்படி, 50 வயதை எட்டுவதற்குள் வெள்ளை இனப் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 70 பேருக்கும், கறுப்பினப் பெண்களில் 80-க்கு மேற்பட்டோருக்கும் நார்க்கட்டி தோன்றிவிடுகிறது. இவர்களுள் மிகப் பலர் தமக்குக் கட்டி இருப்பதை அறியாமலே குழந்தைகளைப் பெற்று வளர்த்தவர்கள். கட்டி இருப்பது வேறு. கட்டியால் மகப்பேறு தடைப்படுவது வேறு என்பதற்கு இதுவே முதற் சான்று.

அளவைவிட இடமே முதன்மை

ஒரு வீட்டின் சுவரில் கல்லொன்று துருத்திக்கொண்டிருப்பதாகக் கொள்க. அது புறத்தே நீட்டிக்கொண்டிருந்தால், பெரிய கல்லாயினும் உள்ளே குடியிருப்போர்க்கு இடையூறில்லை. அறைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் சிறிய கல்லும் இடையூறே. சுவரின் நடுவே புதைந்து கிடந்தால், அது எவ்வளவு பெரிது, உட்பக்கத்தை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்தே சொல்ல இயலும். நார்க்கட்டியும் இத்தகையதே.

கருப்பையின் அகவெளிக்குள் நீட்டிக்கொண்டிருப்பது உள்வரிக்கட்டி. தசைச் சுவருக்குள் அடங்கியிருப்பது சுவர்க்கட்டி. வெளிப்புறமாகப் புடைத்திருப்பது புறக்கட்டி. உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு 2011-இல் இப்பாகுபாட்டை மேலும் நுட்பமாக்கி 0 முதல் 8 வரை எண்களிட்டது. காம்பினால் தொங்கிக்கொண்டு முற்றிலும் அகவெளிக்குள் இருப்பது 0. பாதிக்கு மேல் அகவெளியில் இருப்பது 1. பாதியோ அதற்கு மேலோ தசைக்குள் இருப்பது 2. முழுதும் தசைக்குள் இருந்து உள்வரியைத் தொட்டுக்கொண்டிருப்பது 3. எங்கும் தொடாமல் தசைக்குள் அடங்கியது 4. 5, 6, 7 ஆகியவை புறத்தே புடைத்தவை. கருப்பையின் கழுத்து முதலிய பிற இடங்களில் தோன்றுபவை 8. ஸ்கேன் அறிக்கையில் கட்டியின் அளவை மட்டும் பார்த்துக் கலங்குவதைவிட, இவ்வெண்ணைக் கேட்டறிவது பயனுடையது. 6 சென்டிமீட்டர் அளவுள்ள புறக்கட்டியைவிட 2 சென்டிமீட்டர் அளவுள்ள உள்வரிக்கட்டி மகப்பேற்றுக்குப் பெருந்தடையாகலாம்.

தடை உண்டாவது எவ்வாறு?

மகப்பேறு வாய்க்காத பெண்களில் 100-க்கு 5 முதல் 10 பேரிடம் நார்க்கட்டி காணப்படுகிறது. ஆனால் வேறு எக்காரணமும் இன்றி நார்க்கட்டி ஒன்றே தடையாயிருப்பது 2 அல்லது 3 பேரிடமே. எஞ்சியோரிடம் முட்டை முதிராமை, கருக்குழாய் அடைப்பு, ஆணின் விந்தணுக் குறைபாடு போன்ற காரணங்கள் உடனிருக்கின்றன.

கட்டியால் தடை உண்டாகும் வழிகள் பல. உள்வரிக்கட்டி கருப்பையின் அகவெளியை உருமாற்றுகிறது. அதன்மேல் படர்ந்த சவ்வு மெலிந்துவிடுகிறது. அங்கு வந்து சேரும் கரு பற்றிக்கொள்ள இயலாமல் நழுவுகிறது. கருக்குழாய் வாயிலருகே அமைந்த கட்டி அவ்வாயிலை அடைக்கலாம். கருப்பைத் தசை இயல்பாகவே மெல்லிய அலைபோல் சுருங்கி விரிகிறது. கரு பதியும் நாட்களில் இவ்வலைகள் அடங்கியிருத்தல் வேண்டும். தசைக்குள் கிடக்கும் கட்டி இவ்வொழுங்கைக் குலைக்கக்கூடும். இவையன்றி வேதியியல் வழியும் ஒன்றுண்டு. கரு பதிவதற்குரிய பக்குவத்தை உள்வரிச் சவ்வுக்குத் தரும் மரபணுக்களின் செயலை, உள்வரிக்கட்டி சுரக்கும் பொருள்கள் குன்றச் செய்கின்றன. இக்குறை கட்டியின் மேற்புறச் சவ்வில் மட்டுமன்றிக் கருப்பையின் உள்வரி முழுவதிலும் காணப்படுகிறது.

2009-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை நடந்த பல ஆய்வுகளை ஒருங்கே சேர்த்துப் பார்த்தது. உள்வரிக்கட்டி உடையோரிடம் கருவுறுதல் குறைகிறது, கருச்சிதைவு மிகுகிறது என்பதும், புறக்கட்டியால் மகப்பேற்றுக்குக் கேடில்லை என்பதும் அதனால் தெளிவாயின. சுவர்க்கட்டி கருவுறுதலை ஓரளவு குறைப்பதாகத் தோன்றினும், அதனை அகற்றுவதால் நன்மை உண்டு என்பதற்குப் போதிய சான்று கிட்டவில்லை. இன்றும் மருத்துவரிடையே கருத்து வேறுபாடு நிலவுவது இச்சுவர்க்கட்டியைப் பற்றியே.

கண்டறியும் முறைகள்

அடிவயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்தே கட்டியை அறிந்த காலம் ஒன்றிருந்தது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் அயன் டொனால்டும் அவர்தம் துணைவர்களும் 1958-இல், காதுக்குப் புலனாகாத ஒலியலைகளைச் செலுத்தி வயிற்றுக் கட்டிகளை ஆராயும் முறையை வெளியிட்டனர். இன்றைய ஸ்கேன் அதன் வழி வந்ததே. பிறப்புறுப்பு வழியாக எடுக்கப்படும் ஸ்கேன் கட்டியை மேலும் தெளிவாகக் காட்டுகிறது. அகவெளிக்குள் சிறிது உப்புநீரைச் செலுத்திக்கொண்டே ஸ்கேன் செய்தால், கட்டி உள்ளே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது துல்லியமாகப் புலப்படும். கருப்பை வாய் வழியாக நுண்ணிய குழலைச் செலுத்தி நேரிற் காணும் முறையும் உண்டு. கட்டிகள் பலவாயிருப்பின் எம்.ஆர்.ஐ. படம் உதவும்.

கருப்பைத் தசைக்குள் உள்வரிச் சவ்வே ஊடுருவி வளர்ந்து தசையைத் தடிக்கச் செய்யும் நோய் வேறொன்றுண்டு. அது சிலபோது நார்க்கட்டியைப் போலவே தோன்றும். நார்க்கட்டி, பழத்திலிருந்து கொட்டை பெயர்வதுபோல் தன் உறையிலிருந்து பெயர்ந்து வரும். இதுவோ தசையோடு ஒன்றிப்போயிருப்பதால் அங்ஙனம் வாராது. ஆதலின் அறுவைக்கு முன்னரே இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

சோதனைகள் பெண்ணோடு நின்றுவிடலாகாது. கணவனின் விந்தணுச் சோதனை எளியது, செலவு குறைந்தது, வலியற்றது. இதனைச் செய்யாமல் மனைவியை அறுவை மேசைக்கு அனுப்புவது முறையன்று. நம் நாட்டில் மகப்பேறின்மையின் பழி பெண் ஒருத்தியின்மீதே சுமத்தப்படுகிறது. நார்க்கட்டி என்னும் சொல் கிடைத்துவிட்டால் அப்பழிக்கு மருத்துவ முத்திரையும் விழுந்துவிடுகிறது. சோதனையை இருவரும் சேர்ந்து செய்துகொள்வதே அறிவுடைமை. 35 வயதுக்குக் குறைந்தோர் ஓராண்டும், 35 வயது கடந்தோர் ஆறு மாதமும் முயன்றும் பயனில்லையாயின் மருத்துவரை நாடலாம். உதிரப்போக்கு மிகுதியாயிருப்பின் அக்காலம் வரையிலும் காத்திருக்க வேண்டுவதில்லை.

கட்டியை மட்டும் அகற்றுதல்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறுவை மருத்துவம் வளர்ந்தபோது, நார்க்கட்டிக்குக் கருப்பை முழுவதையும் அகற்றுவதே வழக்காயிற்று. கருப்பையைக் காத்துக் கட்டியை மட்டும் எடுப்பது இரத்தப் பெருக்கை விளைவிக்கும் ஆபத்தான செயலெனக் கருதப்பட்டது. இவ்வெண்ணத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் லண்டன் நகரத்து விக்டர் போனி (1872-1953). அவர்தம் மனைவிக்கு, மணமான சில காலத்திலேயே, நார்க்கட்டியின் பொருட்டுக் கருப்பை அகற்றப்பட்டது. அவ்விணையர்க்குக் குழந்தைகள் இல்லை. தம் இல்லத்தில் நேர்ந்த இவ்விழப்பு பிற பெண்களுக்கு நேராதிருக்க வேண்டுமென்று அவர் உழைத்தார். அறுவையின்போது கருப்பையின் இரத்தக் குழாய்களைத் தற்காலிகமாக அழுத்திப் பிடிக்கும் கிடுக்கி ஒன்றை அமைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. பல நூறு பெண்களுக்குக் கருப்பையைக் காத்துக் கட்டிகளை மட்டும் அகற்றிக் காட்டினார். 1946-இல் இம்முறையை விளக்கித் தனி நூலும் எழுதினார்.

1976-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் நியூவர்த், துணைவர் ஒருவரோடு, வயிற்றைத் திறவாமலே கருப்பை வாய் வழியாகக் குழலைச் செலுத்தி உள்வரிக்கட்டியை அறுத்தெடுக்கும் முறையை வெளியிட்டார். 0, 1 எண் கட்டிகளுக்கும், 2-ஆம் எண்ணில் பலவற்றுக்கும் இன்று இதுவே தக்க சிகிச்சை. உடலில் தழும்பில்லை, பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். தசைக்குள்ளும் புறத்தும் உள்ள பெரிய கட்டிகளுக்கு வயிற்றைத் திறந்தோ, சிறு துளைகள் வழியாக லேப்ராஸ்கோப் கருவியைச் செலுத்தியோ அறுவை செய்யப்படுகிறது.

அறுவையின் பயனை மிகைப்படுத்தலும் தகாது. 2006-இல் இத்தாலியில் வெளியான ஓர் ஆய்வில், உள்வரிக்கட்டி மட்டும் உடைய 52 பெண்களுள் அறுவை செய்துகொண்டோரில் 100-க்கு 43 பேரும், செய்துகொள்ளாதோரில் 27 பேரும் கருவுற்றனர். வேறுபாடு நம்பிக்கையளிப்பதே, எனினும் ஆராயப்பட்டோர் தொகை சிறிது. அறுவை செய்துகொள்ளாதோரிலும் நாலில் ஒருவருக்கு மேல் கருவுற்றனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

அறுவைக்குத் தீங்குகளும் உண்டு. உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளலாம்; அவ்வொட்டுதல் கருக்குழாயைச் சிதைத்துப் புதிய தடையை உண்டாக்கலாம். தசையை ஆழமாக அறுத்துத் தைத்த கருப்பை பின்னாளில் பேறுகாலத்தில் கிழிவதும் அரிதாக நிகழ்வதுண்டு. இதனாலேயே அத்தகையோர் கருவுறுவதற்கு முன் மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்குமாறு கூறப்படுகின்றனர். பலர்க்குச் சிசேரியன் முறையே பரிந்துரைக்கப்படுகிறது. ஆண்டுகள் சில கழிந்தபின் புதிய கட்டிகள் தோன்றுவதும் உண்டு. ஆகவே புறக்கட்டி ஒன்றை, 'இருக்கிறதே' என்னும் ஒரே காரணத்துக்காக அகற்றுவது, இல்லாத தடையை நீக்கப்போய் உள்ள வழியை அடைத்துக்கொள்வதாக முடியலாம்.

மருந்துகளின் எல்லை

மூளையின் அடியிலிருந்து புறப்பட்டுச் சூலகத்தை இயக்கும் ஹார்மோன் ஒன்றின் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்லெமின் ஆகியோர் 1977-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் இருவராயினர். அதனை ஒத்த செயற்கை மருந்துகளை ஊசி வழியாகச் செலுத்தினால் சூலகம் உறங்கிவிடுகிறது, கட்டி மூன்று மாதங்களில் கணிசமாகச் சுருங்குகிறது, உதிரப்போக்கு நிற்கிறது. ஆனால் சூலகம் உறங்குகையில் முட்டை முதிராது, கருவுறவும் இயலாது. மருந்தை நிறுத்தியதும் கட்டி மீண்டும் வளர்ந்துவிடும். நெடுநாள் கொண்டால் எலும்பு வலுவிழக்கும். எனவே அறுவைக்கு முன் இரத்தச் சோகையை நீக்கிக்கொள்ளவும், கட்டியைச் சிறிதாக்கிக்கொள்ளவும் இவை உதவுமேயன்றி, மகப்பேற்றுக்கு மருந்தாக மாட்டா. கட்டியை அடியோடு கரைத்துவிடும் என்று விளம்பரப்படுத்தப்படும் இலேகியங்களுக்கும் தைலங்களுக்கும் சான்று ஏதும் இல்லை. அவற்றை நம்பிக் கழிக்கும் ஆண்டுகளே பெருநட்டம். 35 வயதுக்குப் பின் கருவுறும் ஆற்றல் விரைந்து குறைவதால், போன ஆண்டு திரும்ப வாராது.

1995-இல் பாரிஸ் நகரத்து மருத்துவர் ஜாக் ரவினாவும் அவர்தம் குழுவினரும், கட்டிக்குச் செல்லும் இரத்தக் குழாயை நுண்துகள்களால் அடைத்து அதனைச் சுருங்கச் செய்யும் முறையை வெளியிட்டனர். உதிரப்போக்கைத் தணிப்பதில் இது நற்பயன் தருவது. ஆயினும் சூலகத்துக்கும் உள்வரிச் சவ்வுக்கும் செல்லும் இரத்தம் குறைந்துவிடலாம் என்பதால், மகப்பேற்றை விழைவோர்க்கு இது முதற்கண் பரிந்துரைக்கப்படுவதில்லை.

கருப்பையைக் காத்தல்

நாலாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2015-16), நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 3.2 பேர் கருப்பையை இழந்தவர்கள் எனக் கண்டது. ஆந்திரப் பிரதேசத்தில் இத்தொகை 8.9. இவ்வறுவைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மிகுதியான உதிரப்போக்கும் வலியும் கூறப்பட்ட காரணங்களுள் முதலிடம் பெற்றன. கட்டிகள் அடுத்த இடம் பெற்றன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கருப்பையை அகற்றிக்கொண்ட செய்தி 2019-இல் நாட்டை அதிரச் செய்தது. மாநில அரசு அதனை ஆராயக் குழு அமைத்தது. தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வெளியிட்டது. அந்நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்றுச் செயற்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 5-ஆம் நாள் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. நாட்டு அளவிலும், மாநிலம், மாவட்டம் என்னும் அளவுகளிலும் கண்காணிப்புக் குழுக்கள் அமைய வேண்டும் என்பது அந்நெறிமுறைகளுள் ஒன்று.

கருப்பையை அகற்றுவது எப்போதும் தவறென்று இதற்குப் பொருளல்ல. வேறு வழியில் அடங்காத உதிரப்போக்கு உயிருக்கே ஊறு விளைவிக்கும்போது அது உயிர்காக்கும் சிகிச்சை. ஆனால் பிள்ளைப்பேற்றை விரும்பும் பெண்ணிடம் வேறு வழிகளை விளக்காமல் அம்முடிவைத் திணிக்கலாகாது. 'கட்டியை மட்டும் எடுக்க இயலுமா?' என்பது அவள் கேட்க வேண்டிய முதற் கேள்வி. அதற்கு விடை பெறுவது அவள் உரிமை. விடை மனநிறைவு தராவிடில், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம்.

கட்டியோடு கருவுற்றால்

கட்டி இருக்கும்போதே கருவுறும் பெண்களில் பெரும்பாலோர் இடையூறின்றிப் பிள்ளை பெறுகின்றனர். சிலரிடம் கட்டிக்குச் செல்லும் இரத்தம் போதாமல் அது உள்ளே சிதைந்து கடும் வலி உண்டாகலாம். ஓய்வும் வலி தணிக்கும் மருந்துமே பெரும்பாலும் போதும். குழந்தை தலைகீழாகத் திரும்பாமை, குறைமாதப் பேறு, சிசேரியன் ஆகியவை இத்தகையோரிடம் சற்று மிகுதி. ஆதலின் ஒழுங்கான மருத்துவப் பார்வையும், வசதியுள்ள மருத்துவமனையில் பேறும் வேண்டும். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) நம் நாட்டுப் பெண்களில் 100-க்கு 57 பேர் இரத்தச் சோகை உடையவர்கள். நார்க்கட்டியால் மாதந்தோறும் உதிரம் இழக்கும் பெண் கருவுறும் முன்னரே இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டு இச்சோகையை நீக்கிக்கொள்ளுதல் நலம்.

ஸ்கேன் அறிக்கையைக் கையிலேந்தி நிற்கும் பெண்ணுக்கு அறிவியல் கூறுவது இதுவே. கட்டி எங்குள்ளது என்று கேட்டறிக. தடையாவது அதுதானா என்பதைக் கணவனும் உடன் சோதித்து அறிக. அகற்ற வேண்டியதாயின் காலந்தாழ்த்தாது அகற்றிக்கொள்க. வேண்டாததாயின் அதனை அதன் போக்கில் விட்டுவிடுக. 1854-இல் இக்கட்டியின் பிறப்பிடம் தெரிந்தது. அதனால் கருப்பையை இழக்க வேண்டுவதில்லை என்பது தெரிய மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அவ்வுண்மை நாட்டின் ஒவ்வோர் ஊரையும் சென்றடைதல் வேண்டும்.